ஃப்ளை ஃபிஷிங்: ஒரு தைப்பூசத்திலிருந்து அடுத்த தைப்பூசம் வரை

போன வருஷம் தைப்பூச விடுமுறையில் ஃப்ளை ஃபிஷிங் தூண்டில் கோலை வாங்கினேன். இந்த வருஷம் தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் அதே கோலோடு நியூசிலாந்தில் ஒரு ஆற்றில் இறங்கினேன். நடுவில் இருந்த பன்னிரண்டு மாதமும் மலேசியாவில், பூச்சோங்கில்தான். தொழில் ஏர்கோன் பழுது பார்ப்பது, ஞாயிறு மட்டும்தான் ஓய்வு, அதனால் இந்த ஒரு வருஷம் என்பது உண்மையில் ஐம்பது சொச்சம் ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு வருஷம் பொருள்களை அடித்து உழைத்த பிறகு எழுதுவதுதான் நியாயம் என்று காத்திருந்தேன். வாங்கிய வாரமே எழுதியிருந்தால் லைனைப் பற்றிப் பொய் எழுதியிருப்பேன். அது ஏன் என்று பிறகு வருகிறேன்.

முதலில், நம் ஊரில் ட்ரௌட் பிடிக்க முடியாது. அந்த மீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், 20 டிகிரிக்கு மேலே போனாலே திணற ஆரம்பிக்கும். என் தொழில் பாஷையில் சொன்னால் கணக்கு எளிது. 10 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். நம் குளத்துத் தண்ணீர் மத்தியானத்தில் அந்த 30-ஐத் தொடுகிறது. அப்புறம் ஏன் ட்ரௌட் பிடிக்கவென்றே செய்த கோலை வாங்கினேன்? யூடியூப்தான் காரணம், வேறென்ன. பனிமலை, கண்ணாடி மாதிரி தண்ணீர், தலைக்கு மேலே லைன் வளைந்து வளைந்து போகிறது. பந்திங் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த என் அப்பா வாய்க்காலில் தவளை மாட்டி விரால் பிடித்தவர். அந்த வீடியோவை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "மண்புழு போட்டா முடியிற வேலைக்கு இவன் ஏன்டா சாட்டை அடிக்கிறான்?" என்றார்.

சாட்டை என்றது பாதி சரி. சாதாரணத் தூண்டிலில் ஈயமோ இரையோ கனமாக இருக்கும், அது பறந்து போய்க் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். இதில் தலைகீழ். முள்ளில் கட்டிய செயற்கைப் பூச்சிக்கு, அதுதான் 'ஃப்ளை', கனமே கிடையாது, லைனுக்குத்தான் கனம், லைன் பறந்து பூச்சியைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். கோலில் 5 என்று எழுதியிருப்பது அந்தக் கனத்தின் எண்தான். 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். கோல் எண்ணும் லைன் எண்ணும் ஒத்துப்போக வேண்டும், புதிதாக வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். நான் வாங்கியது 9 அடி, 5-ஆம் எண், நாலு துண்டாகக் கழற்றும் கோல், ரீலோடு சேர்த்து 650 வெள்ளி. லைன் தனியாக 260 வெள்ளி. கடைக்காரரிடம் "லைனுக்கா இவ்வளவு?" என்று வாயைப் பிளந்தேன்.

முதல் மூன்று மாதம் மீனே இல்லை, திடல்தான். தாமானுக்குப் பின்னால் இருக்கும் பந்துத் திடலில், முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூல் கட்டி, காலை ஏழு மணிக்கு. சின்னப் பையன்கள் வந்து, "அங்கிள், பட்டம் விடுறீங்களா?" என்று கேட்டார்கள். ஒரு பாட்டி தினமும் நடக்க வருவார், சில ஞாயிறு பார்த்துவிட்டு, "தம்பி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றே கேட்டுவிட்டார்.

திடலில் நான் செய்த தப்பு எல்லாரும் செய்வதுதான். கோலைப் பின்னால் கொண்டுபோனதும் உடனே முன்னால் அடிப்பேன், லைன் இன்னும் பின்னால் நீண்டு முடிந்திருக்காது, சுளீர் என்று ஒரு சத்தம் வரும், கம்பளி நூல் காணாமல் போயிருக்கும். பின்னால் போன லைன் நேராக நீட்டிக்கொள்ளும் வரை கை காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் வெளியே விட்ட லைன் நீளத்தைப் பொறுத்து அது மாறும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு வந்தது. லைன் நீண்டு முடியும் கணத்தில் கைப்பிடியில் ஒரு சின்ன இழுப்பு தெரியும், குழந்தை சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. அதை உணர்ந்த அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாற்பது அடி போனது. மணிக்கட்டை மடிக்கிற பழக்கத்தை நிறுத்த, முழுக்கைச் சட்டையின் நுனிக்குள் கோலின் அடியைச் செருகிக்கொண்டு அடித்தேன். பார்க்கக் கேவலமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

இப்போது லைன் விவகாரம். காலை ஏழரை வரை ஒழுங்காகப் போகும். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் லைன் துவண்டுவிடும், கையில் பிசுபிசுக்கும், கோலின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு வரும், சரியாகச் சொன்னால் வேகவைத்த மீ நூடுல்ஸ் மாதிரி. போலிச் சரக்கு என்றே முடிவு கட்டிவிட்டேன். கடைக்கே போய், சத்தம் கொஞ்சம் கூடத்தான், பேசிவிட்டும் வந்தேன். அவர் பெட்டியைத் திருப்பி அடியில் இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார். குளிர்ந்த நீருக்கான லைன். ட்ரௌட் லைனின் மேல்பூச்சு மிருதுவாக இருக்கும், குளிரில் விறைக்காமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். நம் வெயிலில் அது இளகிவிடும். வெப்பமண்டலத்துக்கென்று கடினப்பூச்சு போட்ட லைன் தனியாக இருக்கிறது. இன்னொரு 240 வெள்ளி. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. பெட்டியைப் படிக்காத என் மேலும் உண்டு, ஆனால் அது கொஞ்சம் குறைவு. பழைய லைனைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒரு மைலோ டின்னில் சுற்றி, அலமாரிக்குள் போட்டேன்.

கோலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, உடைந்ததைத் தவிர. அதுவும் கோலின் தப்பில்லை. ஹாலில் நின்று நாலு துண்டையும் மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தேன். மேலே காற்றாடி மூன்றாம் நம்பரில் ஓடிக்கொண்டிருந்தது. நுனித்துண்டு மூன்று அங்குலம் போச்சு. என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, முதலில் காற்றாடியின் இறக்கையைத்தான் பார்த்தாள். நுனித்துண்டு மட்டும் தனியாக வரவழைக்க ஆறு வாரம் ஆனது, விலை 130 வெள்ளி. இனிமேல் கோலை வாசலில்தான் மாட்டவேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

மீன் என்று பார்த்தால், காசு கட்டிப் பிடிக்கும் குளத்தில் திலாப்பியாவும் ரோகுவும்தான் முதல் வாத்தியார்கள். முதலில் போன குளத்தில் விடவே இல்லை. லைன் பின்னால் போகும்போது உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் முள் மாட்டிவிடும் என்று முதலாளி பயந்தார், அவர் சொன்னதும் நியாயம்தான். பக்கத்தில் இன்னொரு குளத்தில் ஆள் இல்லாத செவ்வாய்க்கிழமை காலையில் வரச் சொன்னார்கள், அரைநாள் லீவு போட்டுப் போனேன். மற்றவர்கள் ரொட்டி எறிவதால் அங்கே மீன் ரொட்டிக்குப் பழகியிருந்தது, வெள்ளை ரப்பரில் ரொட்டித்துண்டு மாதிரி ஒன்று கட்டிப் போட்டதும் ரோகு ஒன்று எடுத்துக்கொண்டு ஓடியது. பதினைந்து நிமிஷம். ரீல் கிர்ரென்று கத்தியதில் பக்கத்துக் குடிசையில் தூங்கிக்கொண்டிருந்த அங்கிள் எழுந்து வந்து பார்த்தார். அதே காலையில்தான் காற்று திரும்பி முள் என் காதில் ஏறியது. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கி வைத்திருந்தேன், வந்த வழியே கழன்றுவிட்டது. நசுக்காமல் விட்டிருந்தால் கிளினிக்தான். எதை மறந்தாலும் இதையும் கண்ணாடி போடுவதையும் மறக்காதீர்கள்.

உலு சிலாங்கூர் பக்கம் ஆற்றில் இரண்டு செபாராவ் பிடித்தேன், உள்ளங்கை நீளம், ஆனால் கடி என்னமோ ரௌடிக் கடி. அந்த மீனுக்குக் கோலைத் தூக்கக்கூடாது, இடது கையால் லைனை வெடுக்கென்று இழுத்துத்தான் முள் ஏற்ற வேண்டும். கோலா குபு பாரு அருகே சிலிங் ஆற்றுக்கும் போனேன். அது கெலா மீன் காப்பகம், அங்கே தூண்டில் போடக்கூடாது. கோலில்லாமல் பாறைமேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சும்மா பார்த்தேன். மீன்கள் எல்லாம் ஓட்டத்துக்கு எதிர்முகமாக, கல்லுக்குப் பின்னால் ஓட்டம் தணிந்த இடத்தில் நின்று, மேலிருந்து வருவதை ஒரு அடி நகர்ந்து எடுத்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்துக்கு வந்தன. ட்ரௌட்டும் அப்படித்தான் நிற்கும். அந்த ஒரு மணி நேரம் பத்து வீடியோவுக்குச் சமம்.

நியூசிலாந்துக்குப் போனது கொஞ்சம் ஆடம்பரம்தான், மறைக்க ஒன்றுமில்லை. நீலகிரியிலும் மூணாற்றிலும்கூட வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரௌட் இருக்கிறது. ஆனால் மச்சான் ஆக்லாந்தில் இருப்பதால் தங்கும் செலவு மிச்சம். நியூசிலாந்திலும் அது சொந்த மீன் இல்லை. பிரவுன் ட்ரௌட் முட்டை 1867-இல் டாஸ்மேனியாவிலிருந்து வந்தது, ரெயின்போ 1883-இல் கலிஃபோர்னியாவிலிருந்து. நம்மைப் போலக் கப்பலேறிப் போன கூட்டம்.

ஆக்லாந்திலிருந்து காரில் நாலு மணி நேரம், துராங்கி என்ற சின்ன ஊர், பக்கத்தில் தொங்காரிரோ ஆறு ஓடி டாப்போ ஏரியில் விழுகிறது. டாப்போ பகுதிக்கு உரிமம் தனி, நாட்டின் மற்ற இடங்களுக்கு வாங்குவது அங்கே செல்லாது. விமான நிலையத்தில் மீன்பிடிச் சாமான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும், காலணி முதல் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், ஈரமோ மண்ணோ இருக்கக்கூடாது. கம்பளி அடியுள்ள காலணி அந்த நாட்டு ஆறுகளில் தடை, ரப்பர் அடிதான் போடலாம். ஓர் ஆற்றின் பாசி அடுத்த ஆற்றுக்குப் போகாமல் இருக்கத்தான் இத்தனையும்.

முதல் நாள் எடுத்துப் போனது வெப்பமண்டல லைன். தண்ணீரில் பட்ட பத்தாவது நிமிஷம் அது முறுக்குப் பிழிந்த மாதிரி சுருண்டு சுருண்டு நின்றது. மச்சான் சிரித்தான். பையைத் துழாவி மைலோ டின்னை எடுத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று போட்டு வந்தது. அதே லைன், போலி என்று நான் கடையில் கத்திய அதே லைன், அந்தக் குளிரில் வெண்ணெய் மாதிரி ஓடியது. கடைக்காரருக்கு அங்கிருந்தே ஒரு படம் அனுப்பினேன். அவர் கட்டைவிரல் மட்டும் பதிலுக்கு அனுப்பினார், அவ்வளவுதான்.

லைன் சரியானதும் என் பழக்கங்கள் குறுக்கே வந்தன. குளத்தில் ஓட்டம் கிடையாது, அதனால் பூச்சி தண்ணீரோடு அதே வேகத்தில் மிதந்து வர வேண்டும் என்ற விஷயமே எனக்குப் பழக்கமில்லை. நடு ஆற்றின் வேகம் லைனை முன்னால் இழுக்க, பூச்சி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், மீன் கிட்ட வந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். லைன் விழுந்த உடனே கோல் நுனியால் அதை மேலோட்டமாகத் தூக்கி ஆற்றின் மேல்பக்கம் வளைத்துப் போட வேண்டும். இரண்டு நாள் இதற்கே போனது. ஐந்து மீன் வாயைத் திறந்து வந்தும், செபாராவ் பழக்கத்தில் வெடுக்கென்று இழுத்துப் பூச்சியை அதன் வாயிலிருந்தே பிடுங்கினேன். ஒரு நாள் மட்டும் கூலிக்கு வைத்த வழிகாட்டி, மீன் எடுத்ததும் 'காட் சேவ் த குவீன்' என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கோலைத் தூக்கு, அதுதான் எங்கள் ஊர்க் கணக்கு என்றார். எனக்கு அது வாயில் வரவில்லை. 'வெற்றிவேல்' என்று ஒரு மூச்சில் சொல்லிப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது.

பிப்ரவரி அங்கே சில்வண்டுக் காலம். கரையில் மரம் முழுக்க ஒரே இரைச்சல், தடுமாறித் தண்ணீரில் விழும் வண்டை ட்ரௌட் காத்திருந்து எடுக்கிறது. பூச்சோங்கில் பிய்ந்துபோன என் கறுப்புச் சிலிப்பரின் அடி ரப்பரை வெட்டி, மகள் ஹேண்ட்பேக்கில் இருந்து கிடைத்த பளபளத் தாளை இறக்கையாக வைத்து நானே கட்டிய வண்டுகள் ஆறு என்னிடம் இருந்தன. மூன்றாம் நாள் மாலை, சாய்ந்த மரத்துக்குக் கீழே, தொப்பென்று கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு மூக்கு. வெற்றிவேல். தூக்கினேன். ரெயின்போ, இரண்டு தடவை தண்ணீரை விட்டு முழுசாக வெளியே வந்தது, பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை, வலையில் அதன் உடம்பு ஐஸ்பெட்டியில் கைவிட்ட மாதிரி இருந்தது. கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், காய்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும். அடுத்த நாள் இன்னொன்று, அதைவிடச் சின்னது. இரண்டையும் விட்டுவிட்டேன். அந்த நாட்டில் ட்ரௌட்டை விற்கவோ வாங்கவோ கூடாது, தின்ன வேண்டுமானால் நாமே பிடித்தால்தான் உண்டு. ஒன்றையாவது குழம்பு வைத்திருக்கலாம் என்பது மச்சானின் வருத்தம்.

வாங்க நினைப்பவருக்கு: கோல் மலிவாகவே இருக்கட்டும், லைனில் கஞ்சத்தனம் வேண்டாம், பெட்டியின் அடிப்பக்கத்தைப் படியுங்கள். நம் ஊருக்கு மட்டும் என்றால் 5-ஆம் எண்ணை விட்டு 6 அல்லது 7 வாங்கியிருப்பேன், காற்றுக்கும் செபாராவுக்கும் அது தோது. ரீல் பற்றி எழுத ஒன்றுமில்லை, சுற்றுகிறது. லைன் நுனியில் பூச்சியைக் கட்டும் டிப்பெட் நூலில் எண் ஏற ஏற மெலியும் என்பதைத் தெரியாமல் 6எக்ஸ் வாங்கி ரோகுவிடம் மூன்று பூச்சி பறிகொடுத்தேன், குளத்துக்கு 2எக்ஸ் போதும்.

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். "விட்டுட்டியா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் கழித்து, மிச்சமிருக்கும் இன்னொரு சிலிப்பரில் ஒரு தவளை செய்து கொடு, வாய்க்காலில் போட்டுப் பார்ப்போம் என்றார். செய்துவிட்டேன், காலுக்கு ரப்பர்வளையம் வைத்து. வரும் ஞாயிறு பந்திங்.