அமாக்ஸிசிலினா, அசித்ரோமைசினா: எந்த நோய்க்கு எது, எதில் என்ன பக்கவிளைவு

தொண்டை வலி, இருமல், காய்ச்சல் என்று மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றால், டாக்டர் சீட்டு இல்லாமலேயே கைமாறும் ஆன்டிபயாடிக்குகளில் அமாக்ஸிசிலினும் அசித்ரோமைசினும் முன்வரிசையில் இருக்கின்றன. சட்டப்படி இரண்டுமே ஷெட்யூல் எச் மருந்துகள்; சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் "அசித்ரால் ஒரு அட்டை குடுங்கண்ணே, மூணு நாள்ல சரியாயிடும்" என்று கேட்டு வாங்குவது நம் ஊரில் சர்வ சாதாரணம். இரண்டில் எது நல்ல மருந்து என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தொண்டை, காது, பல் என்றால் அமாக்ஸிசிலின். டைபாய்டு, சில வகை நிமோனியா என்றால் அசித்ரோமைசின். சாதாரண சளிக்கும் இருமலுக்கும் இரண்டுமே வேண்டாம். அவை பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் எதுவும் வைரஸைத் தொடாது.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டியிருக்கிறது என்பது இரண்டும் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அமாக்ஸிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது, 1972 முதல் சந்தையில் இருக்கிறது. பாக்டீரியா தன்னைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் செல் சுவரை இது கட்டவிடாமல் தடுக்கும். சுவர் பலவீனமானதும் கிருமி உடைந்து சாகும். மனித செல்லுக்கு அப்படி ஒரு சுவரே கிடையாது என்பதால் நம் உடலுக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. அசித்ரோமைசின் வேறு வழியில் போகிறது. 1980இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகரில் இருந்த பிளிவா என்ற நிறுவனத்தில், பழைய எரித்ரோமைசினை மாற்றியமைத்து இதை உருவாக்கினார்கள். இது கிருமிக்குள் நுழைந்து, புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் பிடித்துக்கொள்ளும். புரதம் இல்லாமல் கிருமியால் பெருக முடியாது.

இதிலிருந்து ஒரு நேரடியான விளைவு வருகிறது. மைக்கோபிளாஸ்மா என்று ஒரு கிருமி உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் நாள்கணக்கில் வறட்டு இருமலோடு வரும் ஒரு வகை நிமோனியாவுக்கு அதுதான் காரணம். அதற்குச் செல் சுவரே இல்லை. எவ்வளவு அமாக்ஸிசிலின் கொடுத்தாலும் அது அசையாது. அங்கே அசித்ரோமைசின்தான் உதவும்.

தொண்டையில் ஏன் அமாக்ஸிசிலின்?

தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. மிச்சத்தில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. இருமல், மூக்கொழுகல் இல்லாமல் திடீரென்று காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் நெறி கட்டுவது என்று வந்தால் டாக்டர் இதைச் சந்தேகிப்பார். இந்தக் கிருமி பென்சிலின் வகை மருந்துகளுக்கு எதிராக இன்றுவரை முழு எதிர்ப்பைப் பெறவில்லை. பென்சிலின் புழக்கத்துக்கு வந்து 80 ஆண்டுகள் கடந்தும் இப்படி இருப்பது பெரிய விஷயம். அசித்ரோமைசினுக்கு அந்தப் பெருமை கிடையாது. பல நாடுகளில் இதே கிருமி அதை எதிர்க்கப் பழகிவிட்டது.

இந்தத் தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போகும். இந்தியாவில் இன்றும் இளம் வயதில் வால்வு ஆபரேஷனுக்கு வருபவர்களில் பலருக்குத் தொடக்கம் இப்படித்தான். அதைத் தடுக்கத்தான் 10 நாள் அமாக்ஸிசிலின் எழுதுகிறார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் பிள்ளைக்கு மருந்தை நிறுத்துவது இந்த ஒரு நோயில் மிகவும் ஆபத்தானது. பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களுக்கு மட்டும் இங்கே அசித்ரோமைசின் மாற்றாக வரும்.

நடுக்காதில் சீழ், சைனஸ் தொற்று, பல் வேரில் சீழ் கட்டி முகம் வீங்குவது, இவற்றிலும் அமாக்ஸிசிலின் குடும்பம்தான் முதல் தேர்வு. குழந்தைகளுக்கு வரும் சாதாரண நிமோனியாவுக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்வது, தண்ணீரில் கரையும் அமாக்ஸிசிலின் மாத்திரையைத்தான். வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெச். பைலோரி சிகிச்சையிலும் பிற மருந்துகளோடு சேர்ந்து இது இடம்பெறும்.

அசித்ரோமைசினைக் காப்பாற்ற வேண்டியது எதற்காக?

இந்தியாவில் டைபாய்டுக்கு ஒரு காலத்தில் சிப்ரோபிளாக்சசின் கொடுத்தார்கள். கிருமி அதை வென்றுவிட்டதால் இப்போது வாய்வழி மருந்தாகப் பெரிதும் நம்பியிருப்பது அசித்ரோமைசினையும் செஃபிக்சைமையும்தான். 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவத் தொடங்கிய டைபாய்டு வகைக்குச் செஃப்ட்ரியாக்சோன் ஊசிகூடக் கேட்கவில்லை. அங்கே மாத்திரையாகக் கொடுக்க மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். வங்கதேசத்தில் அதற்கும் மசியாத டைபாய்டு கிருமிகள் ஏற்கெனவே கண்டறியப்பட்டுவிட்டன. பக்கத்து வீட்டில் நடப்பது நம் வீட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு ஜலதோஷத்துக்கு இந்த மாத்திரையை அள்ளிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுவது இதனால்தான். (டைபாய்டு சந்தேகம் வந்தால் மருந்து தொடங்கும் முன்பே, ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுப்பது நல்லது. விடால் என்ற ரத்த டெஸ்ட்டை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.)

இன்னொன்று ஸ்க்ரப் டைபஸ். தமிழ்நாட்டில் வேலூர் வட்டாரம் உட்படப் பல மாவட்டங்களில் மழைக்காலத்தை ஒட்டித் தலைகாட்டும் காய்ச்சல் இது. ஒரு வகைச் சிறு பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல் கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும். அக்குள், இடுப்பு மடிப்பு என்று மறைவான இடத்தில் இருப்பதால் தேடித்தான் பார்க்க வேண்டும். அமாக்ஸிசிலின் இதற்குச் சுத்தமாக உதவாது. டாக்ஸிசைக்ளின் முதல் மருந்து, கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் கூடுதல் என்று வேலூர் சிஎம்சி முன்னின்று இந்தியாவில் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது.

கக்குவான் இருமல், உடலுறவால் பரவும் கிளமிடியா தொற்று, கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமா ஆகியவற்றிலும் அசித்ரோமைசினுக்குத் தனி இடம் உண்டு.

ஒரு மணி நேரமும் 68 மணி நேரமும்

மக்களுக்கு அசித்ரோமைசின் பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் வசதி. தினம் ஒன்று, மூன்று நாள் அல்லது ஐந்து நாள், முடிந்தது. அமாக்ஸிசிலின் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, ஒரு வாரத்துக்கும் மேல்கூட. அமாக்ஸிசிலின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆகும். சிறுநீரகம் அதை வேகமாக வெளியேற்றிவிடும். அசித்ரோமைசின் திசுக்களுக்குள் போய்த் தங்கிக்கொள்ளும். உடலை விட்டு அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 68 மணி நேரம் ஆகும். மாத்திரை தீர்ந்த பிறகும் மருந்து உள்ளே இருந்து வேலை பார்க்கும்.

வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இப்படி வால்போல் நீண்டு தங்குவதற்கு ஒரு விலை இருக்கிறது. கோர்ஸ் முடிந்தபின் பல நாட்கள், கிருமியைக் கொல்லப் போதாத மிகக் குறைந்த அளவில் மருந்து உடலில் ஓடிக்கொண்டிருக்கும். வாயிலும் தொண்டையிலும் குடலிலும் உள்ள மற்ற பாக்டீரியாக்கள் அதை எதிர்க்கப் பழகிக்கொள்ள அது தோதான நேரம். ஆரோக்கியமான ஆட்களுக்கு ஒரே ஒரு கோர்ஸ் அசித்ரோமைசின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. எதிர்ப்புப் பெற்ற வாய்க் கிருமிகள் ஆறு மாதம் கழித்தும் அவர்களிடம் கூடுதலாகவே இருந்தன.

உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளை மூன்று பிரிவாகப் பிரிக்கிறது. முதலில் தயங்காமல் எடுக்கக்கூடியவை, எச்சரிக்கையாகப் பயன்படுத்த வேண்டியவை, கடைசிவரை ஒதுக்கி வைக்க வேண்டியவை. அமாக்ஸிசிலின் முதல் பிரிவில், அசித்ரோமைசின் இரண்டாவதில். நம் நாட்டிலோ, 2019ஆம் ஆண்டின் தனியார் விற்பனைத் தரவை அலசியபோது அதிகம் விற்ற ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரையாக இருந்தது. அப்புறம் கொரோனா வந்தது. வீட்டுக்கு வீடு இதை விழுங்கினார்கள். 2021இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தபோது, கொரோனாவுக்கு அசித்ரோமைசினால் பலன் இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

625 என்ற மூன்றாவது ஆள்

ஆக்மென்டின் 625 போன்ற பெயர்களில் வருவது வெறும் அமாக்ஸிசிலின் அல்ல. 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலினோடு 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்தது. சில கிருமிகள் அமாக்ஸிசிலினை உடைக்க ஒரு நொதியைச் சுரக்கும். கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியை முடக்கும். நாய், பூனை, மனிதக் கடிக் காயங்கள், விடாத சைனஸ், சில நுரையீரல் தொற்றுகள் என்று இதற்குத் தேவை இருக்கிறது. ஸ்ட்ரெப் தொண்டைக்குத் தேவையே இல்லை, ஏனென்றால் அந்தக் கிருமி அப்படி ஒரு நொதியைச் சுரப்பதில்லை. நம்பர் பெரியது என்பதால் பவர் அதிகம் என்று நினைத்து 625 கேட்பவர்கள் வயிற்றுப்போக்கையும் கூடவே வாங்கிப் போகிறார்கள். சாப்பாடு தொடங்கும்போது எடுத்தால் அந்தத் தொல்லை கொஞ்சம் குறையும். அபூர்வமாக இது கல்லீரலையும் பாதிக்கும். வயதான ஆண்களிடம் சற்று அதிகம் காணப்படுகிறது. மருந்தை நிறுத்திப் பல வாரம் கழித்துக்கூடக் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுக்கலாம். அப்போது டாக்டரிடம் "போன மாதம் இந்த மாத்திரை சாப்பிட்டேன்" என்று சொல்ல யாருக்கும் தோன்றாது. சொல்ல வேண்டும்.

பக்கவிளைவுகளில் எது மேல்?

குமட்டல், வயிற்று வலி, பேதி இரண்டிலும் உண்டு. பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஓஆர்எஸ் கரைசல் குடித்தால் போதும். மலத்தில் ரத்தம், கடுமையான வயிற்று வலி, நிற்காத பேதி என்றால் குடலில் வேறு கிருமி பெருகியிருக்கலாம், உடனே காட்ட வேண்டும். வாயில் வெள்ளைப்பூஞ்சை, பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு, இவை அமாக்ஸிசிலினில் அடிக்கடி கேள்விப்படுபவை.

அமாக்ஸிசிலினின் பெரிய பயம் அலர்ஜி. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் யோசிக்காமல் 108ஐ அழையுங்கள். உயிர் போகும் விஷயம். சில நாள் கழித்து வரும் தட்டையான சிவப்புப் புள்ளிகள் வேறு. வைரஸ் காய்ச்சலோடு சேர்ந்தும் அவை வரும். சின்ன வயதில் அப்படி ஒருமுறை வந்ததற்காக ஆயுள் முழுக்கப் 'பென்சிலின் அலர்ஜி' என்ற முத்திரையோடு வாழ்பவர்கள் ஏராளம். அமெரிக்காவில் அப்படிச் சொல்பவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்தால் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு உண்மையில் அலர்ஜி இல்லை. அந்த முத்திரையால் அவர்களுக்கு நல்ல மருந்து மறுக்கப்படுகிறது, வேறு வலுவான மருந்து போகிறது. அதனால் என்ன வந்தது, எத்தனை மணி நேரத்தில் வந்தது என்பதை எழுதி வைத்து அலர்ஜி நிபுணரிடம் கேட்பது மிகவும் பயனுள்ளது. வீட்டிலேயே ஒரு மாத்திரை போட்டுப் பார்க்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

அசித்ரோமைசினின் பெரிய பயம் இதயம். இதயத்தின் மின் ஓட்டத்தில் க்யூடி என்று ஈசிஜியில் அளக்கும் இடைவெளியை இது நீட்டக்கூடும். மிக நீண்டால் துடிப்பு தாறுமாறாகும். 2012இல் அமெரிக்காவின் டென்னசியில் நடந்த ஆய்வு நம் இரண்டு மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. அமாக்ஸிசிலினைவிட, 10 லட்சம் கோர்ஸுக்கு 47 இதய மரணங்கள் கூடுதல் என்றது அது. டென்மார்க்கில் இளம், நடுவயதினரிடம் பார்த்தபோது அந்தக் கூடுதல் தெரியவில்லை. ஆக, திடமான 25 வயதுக்காரர் இதற்காக நடுங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர், பொட்டாசியம் குறைந்தவர், துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்து சாப்பிடுபவர் கவனமாக இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: குமட்டலுக்கு என்று கூடவே கொடுக்கும் டோம்பெரிடோன், ஆன்டான்செட்ரான் இரண்டுமே க்யூடியை நீட்டுபவைதான். ஒரே சீட்டில் இவை சேர்ந்து வந்தால், இதய நோயாளி ஒருமுறை டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. அசித்ரோமைசினால் காது இரைச்சல், தற்காலிகமாகக் காது கேட்பது குறைதல் அபூர்வமாக வரும். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை பலவீன நோய் உள்ளவர்களுக்குத் தசைத் தளர்ச்சி கூடலாம். பிறந்து ஆறு வாரத்துக்குள் உள்ள சிசுவுக்குக் கொடுத்தால் இரைப்பை வாய் இறுகிப் பீறிட்டு வாந்தி வரும் ஆபத்து உண்டு.

மற்ற மருந்துகளோடு என்று பார்த்தால், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இரண்டிலுமே ரத்த உறைவுப் பரிசோதனையை இடையில் ஒருமுறை பார்க்க வேண்டும். மூட்டுவாதம் போன்றவற்றுக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு அமாக்ஸிசிலின் அதை உடலில் தேங்க வைக்கலாம். ஜெலுசில், டைஜீன் போன்றவற்றை அசித்ரோமைசினோடு ஒரே நேரத்தில் குடிக்காமல் இரண்டு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அமாக்ஸிசிலின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அசித்ரோமைசின் பெரும்பாலும் பித்தம் வழியே போவதால் கல்லீரல் நோயாளிகள்தான் அங்கே முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்கள். கர்ப்ப காலத்தில் தேவைப்பட்டால் இரண்டையுமே டாக்டர்கள் தருகிறார்கள்.

குழந்தைகளுக்கான அமாக்ஸிசிலின் சிரப் பவுடராக வரும். கொதித்து ஆறிய தண்ணீரையோ கூடவே தரும் தண்ணீரையோ பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, மறுபடி கோடு வரை நிரப்ப வேண்டும். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த சிரப்பைக் கலக்கியபின் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், 7 நாளில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அடுத்த மாதம் தம்பிக்கு இருமல் வந்தால் ஆகும் என்று அலமாரியில் வைக்காதீர்கள். தம்பியின் எடை வேறு, அளவு வேறு, நோயும் வேறாக இருக்கலாம், சிரப்பும் அதற்குள் வீரியம் இழந்திருக்கும்.