நானோஹப்ல இருக்கிற ஃபெட்டாய் டூல்: காஸ் சென்சர் ப்ரொஜெக்ட்டுக்கு சரிவருமா?

எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால மரக்கறித் தோட்டம், கோழி எரு கொட்டுற வாரம் ஜன்னல் திறக்க ஏலாது, அந்த அமோனியா வாடையிலதான் கார்பன் நானோட்யூப் (கார்பன் அணுக்களால ஆன ரொம்ப நுண்ணிய குழாய்) ட்ரான்சிஸ்டர காஸ் சென்சரா மாடல் பண்ணிப் பாக்கணும்னு யோசனை வந்துச்சு. என் லேப்டாப்ல பெரிய சாஃப்ட்வேர் ஒண்ணும் ஓடாது. பேராதனை கேம்பஸ்ல சீனியர் அக்கா ஒருத்தர்தான் நானோஹப்ப காட்டினாங்க. அமெரிக்காவில பர்டூ யுனிவர்சிட்டியில தொடங்கின சைட், அக்கவுண்ட் இலவசம், கணக்கெல்லாம் அவங்க சர்வர்லயே ஓடும், நமக்கு ப்ரவுசர் போதும்.

அந்த சைட்ல இருக்கிற ஃபெட்டாய்ல, ட்யூப்போட விட்டம், ஆக்சைட் (கரண்ட்ட கட்டுப்படுத்துற கேட் முனைக்கும் ட்யூப்புக்கும் நடுவுல இருக்கிற மின்கடத்தாப் படலம்) தடிப்பு, வெப்பநிலை இதெல்லாம் குடுத்து ரன் பண்ணா, கேட் வோல்டேஜ் ஏற ஏற கரண்ட் எப்படி மாறுதுன்னு காட்டுற கர்வ் கொஞ்ச நேரத்துல வந்துரும். காஸ்னு தனியா ஒரு பெட்டி இருக்காது, இது ட்ரான்சிஸ்டருக்குன்னே எழுதின டூல். அதனால காஸ் மூலக்கூறு ஒட்டும்போது ட்யூப்ல மாறுற சார்ஜ கேட் வோல்டேஜ் நகர்ற மாதிரி எடுத்துக்கிட்டு, கர்வ 50 மில்லிவோல்ட் தள்ளி வச்சு பழைய கரண்ட்டோட ஒப்பிட்டேன். நல்லா ஆன் ஆன இடத்துல வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனா ஆஃப்ல இருந்து ஏறுற அந்த சரிவுல கரண்ட் அஞ்சு மடங்குக்கு மேல மாறுது, ஏன்னா அங்க சுமார் 68 மில்லிவோல்ட்டுக்கே பத்து மடங்கு ஏறும். சென்சர எந்த கேட் வோல்டேஜ்ல வைக்கணும்னு எத்தனையோ பேப்பர் வாசிச்சும் புரியாதது இந்த ஒரு கர்வ்ல புரிஞ்சிருச்சு, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு விஷயம் கவனிங்க. 2000ல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டியில நிஜ நானோட்யூப்ப வச்சு செஞ்ச பரிசோதனையில அமோனியா பட்டதும் கரண்ட் குறைஞ்சுச்சு, நைட்ரஜன் டையாக்சைட் பட்டதும் கூடிச்சு. என் மாடல்ல நேர் எதிரா வந்துச்சு. ரெண்டு நாள் தூக்கமில்ல. அப்புறம்தான் தெரிஞ்சது, டூல் எலெக்ட்ரான் ஓடுற n-டைப்ப கணக்குப் பண்ணுது, காத்துல கிடக்கிற நிஜ ட்யூப் p-டைப், அதுல ஓடுறது ஹோல், அதாவது எலெக்ட்ரான் இல்லாத காலி இடம். அமோனியா எலெக்ட்ரான் குடுக்கும், ஹோல் குறையும், கரண்ட் இறங்கும். குறிய மாத்தினா சரியாயிரும்.

வெப்பநிலைக்கு 300 கெல்வின் போட்டா நுவரெலியா விடியக்காலைக்கு சரிவராது, நான் 285 போட்டேன், சரிவு இன்னும் செங்குத்தாச்சு.

உலோகமும் ட்யூபும் சேர்ற இடத்துல காஸ் செய்ற வேலையும், நம்ம ஊர் மிஸ்ட்டோட ஈரமும் இதுல வராது, அதனால இந்த நம்பர அப்படியே சென்சரோட அளவுன்னு ரிப்போர்ட்ல எழுதிராதீங்க. ட்யூப் உலோகமா குறைகடத்தியான்னு பாக்க அதே சைட்ல சிஎன்டிபேண்ட்ஸ்னு இன்னொரு டூல் இருக்கு, ட்யூப் எப்படிச் சுருண்டிருக்குன்னு சொல்ற ரெண்டு எண்ண குடுக்கணும், 13,0 குடுத்தா பேண்ட் கேப் (குறைகடத்திக்கு இருக்கிற ஆற்றல் இடைவெளி) தெரியும், 12,0 குடுத்தா கேப் இல்ல, அது உலோகம், முதல்ல அத ஓட்டிப் பாத்துட்டு வாங்க.

மழ பெஞ்சா எங்க பக்கம் சிக்னல் போயிரும், ஆனா திரும்ப லொகின் பண்ணப்ப விட்ட இடத்துலயே அப்படியே இருந்துச்சு. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன்.