குதிரைக்கு எந்தப் பாதை: அமெரிக்கன் டொபாக்கோ டிரெய்லா, உம்ஸ்டெட் பூங்காவா?

வட கரோலினாவில் கேரி, ஏபெக்ஸ் பக்கம் குடியிருப்பவர், சொந்த நிலம் இல்லாமல் குதிரைச் சவாரி செய்ய விரும்பினால், லாயத்தின் மணல் திடலைத் தாண்டியதும் பொதுப் பாதைகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு 14 வயதுள்ள, குவார்ட்டர் ஹார்ஸ் இனத்துப் பெண்குதிரை ஒன்றைப் பாதிக் குத்தகைக்கு எடுத்தேன். வாரத்தில் மூன்று நாள் அது என் பொறுப்பு. அப்போது என் முன் இரண்டு வழிகள் இருந்தன: பழைய ரயில் தடத்தின்மேல் அமைந்த அமெரிக்கன் டொபாக்கோ டிரெய்ல் என்னும் கிரீன்வே (வாகனங்கள் வராத பொதுப் பாதை) ஒன்று, வில்லியம் பி. உம்ஸ்டெட் மாநிலப் பூங்காவின் பொதுப் பயன்பாட்டுப் பாதைகள் மற்றொன்று. நான் டொபாக்கோ டிரெய்லையே வழக்கமாக்கிக்கொண்டேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். உம்ஸ்டெட்டில் நான் சவாரி செய்தது நான்கே முறை என்பதையும் படிப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. இரண்டிலும் நடப்பவர், ஓடுபவர், சைக்கிளில் வருபவர் எல்லாரும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். எல்லாரும் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்பது வழக்கமான விதி. எங்கே போனாலும் குதிரைக்குக் காகின்ஸ் இரத்தப் பரிசோதனை (குதிரைகளுக்கு வரும் தொற்று இரத்தசோகையைக் கண்டறிவது) செய்த சான்றின் நகலை வண்டியில் வைத்திருக்கிறேன். அழகைப் பற்றிக் கேட்டால் உம்ஸ்டெட்டுக்கே முதலிடம். 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு, ஏற்ற இறக்கம், கிராப்ட்ரீ ஓடை, சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும் பாதை ஆகியவற்றுக்கு முன்னால், போன வழியிலேயே திரும்பி வர வேண்டிய டொபாக்கோ டிரெய்ல் சற்றுச் சலிப்பூட்டுவதுதான்.

டொபாக்கோ டிரெய்லின் மொத்த நீளம் 22 மைலுக்கும் அதிகம் என்றாலும் அத்தனையும் குதிரைக்குத் திறந்திருப்பதில்லை. டர்ஹாம் பகுதியில் குதிரைக்கு அனுமதி கிடையாது. அங்கே தரை முழுவதும் தார் என்பதால் அனுமதி இருந்தாலும் லாடம் அடித்த குதிரையை நான் கொண்டுபோக மாட்டேன். சாத்தம் மாவட்டத்தில் தார்த்தடமும் கல்தூள் தடமும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. வேக் மாவட்டத்தில் வரும் சுமார் 6.5 மைல் முழுவதும் இறுக்கி உருட்டிய கருங்கல் தூள். நம் ஊரில் கிரஷர் தூள் என்று சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். உம்ஸ்டெட்டின் சரளைப் பாதைகளில் ஆங்காங்கே பெரிய கற்கள் கிடக்கின்றன. மூன்றாம் முறை போய்வந்த பிறகு என் குதிரை முன்னங்காலை எச்சரிக்கையாக வைத்து நடந்தது. லாடம் அடிப்பவர் வந்து குளம்பின் அடியைக் கிடுக்கியால் அழுத்திப் பார்த்து, கல் குத்தியதால் வந்த லேசான கன்றல்தான் என்றார். ஐந்து நாளில் சரியாகிவிட்டது. பெரிய கல் உள்ள பாதைக்குக் குளம்புறை மாட்டிப் போகலாம் என்பதால் இதை மட்டும் வைத்து நான் முடிவு செய்யவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது, முன்னாலும் பின்னாலும் எவ்வளவு தொலைவு கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான். குதிரை தப்பியோடிப் பிழைக்கும் விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் உள்ள எல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் நேர் பின்னால் இருக்கும் ஒரு பட்டை தெரியாது. ஓசையில்லாமல் சைக்கிள் நெருங்கி வருவது அந்தப் பட்டைக்குள்தான். குதிரையின் நடை மணிக்கு 4 மைல் என்றும், சமதரையில் சைக்கிளின் வேகம் 15 மைல் என்றும் வைத்துக்கொண்டால், பின்னாலிருந்து வரும் சைக்கிள் நொடிக்குச் சுமார் 5 மீட்டர் நெருங்குகிறது. டொபாக்கோ டிரெய்லில் 300 மீட்டர் நேராகத் தெரியும் இடங்கள் ஏராளம். அங்கே எனக்கும் சைக்கிளில் வருபவருக்கும் முழுதாக ஒரு நிமிடம் கிடைக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும். அவரும் அதற்குள் குதிரையைக் கண்டு, வேகத்தைத் தணித்து, குரல் கொடுத்துவிடுகிறார். உம்ஸ்டெட்டில் வளைவோடு கூடிய இறக்கத்தில் 30 மீட்டருக்கு அப்பால் தெரியாத இடங்கள் உண்டு. இறக்கத்தில் 20 மைல் வேகத்தில் வரும் சைக்கிள் அந்த 30 மீட்டரை நான்கே நொடியில் கடந்துவிடும். கடிவாளத்தைச் சேர்த்துப் பிடித்து, சேணத்தில் நிலையாக அமர்ந்து, குதிரையின் தலையைத் திருப்ப நான்கு நொடி எனக்குப் போதாது.

போதாது என்பதை அனுபவித்தே அறிந்தேன். இரண்டாம் முறை போனபோது, ஓர் இறக்கத்தின் அடியில் குதிரையின் இரண்டு காதுகளும் ஒரே கணத்தில் பின்னுக்குத் திரும்பின; எனக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை. மறுகணம் அது முழு உடலோடு இடப்பக்கம் பாய்ந்தது. வலது அங்கவடி என் காலிலிருந்து கழன்றது. பிடரி மயிரைப் பற்றிக்கொண்டதால் விழாமல் தப்பினேன். சைக்கிளில் வந்தவர் பதறிப்போய் இறங்கி நின்று மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் வளைவு திரும்பும் வரை அவருக்கும் நாங்கள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

டொபாக்கோ டிரெய்ல் இப்படி நேராகவும் மட்டமாகவும் இருப்பதற்குக் காரணம் அதன் பிறப்பு. டர்ஹாமின் ஆலைகளுக்குப் புகையிலை கொண்டுபோன ரயில் தடம் அது. பாரம் இழுக்கும் ரயில் எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் ஏறாது, குறுகிய வளைவில் திரும்பாது. ஆகவே மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தரையைச் சமன்படுத்தினார்கள். ரயிலுக்காகச் செய்த அந்த வேலை இன்று குதிரைக்கு உதவுகிறது. அதே வேலையால் ஒரு குறையும் சேர்ந்தது: பள்ளத்தை நிரப்பிய கரைகளில் இரு பக்கமும் சரிவு என்பதால், ஒதுங்கி நிற்க இடமே இருக்காது. அப்படிப்பட்ட இடத்துக்கு முன்பே நின்று, எதிரில் வருபவர்களைப் போகவிட்டுத்தான் நான் கரைமேல் ஏறுகிறேன். மரப்பலகைப் பாலத்தில் குளம்பொலி வெற்றுப் பெட்டியில் தட்டுவதுபோல் எழும்பும். முதல் இரண்டு வாரம் அதற்கு மிரண்ட குதிரையை, இறங்கிக் கையில் பிடித்துத்தான் நடத்திச் சென்றேன்.

கூட்டத்தைப் பொறுத்தவரை, சனிக்கிழமை காலையில் டொபாக்கோ டிரெய்ல் குதிரைக்கு ஏற்றதல்ல. கேரியிலும் ஏபெக்ஸிலும் உள்ள நம்மவர்கள் குழந்தை வண்டிகளோடு குடும்பமாக வருவார்கள், "அப்பா, குதிரை!" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் நேரே ஓடி வருவார்கள். "தொடலாமாங்க?" என்று கேட்கும் தகப்பனிடம், பின்பக்கம் போகாமல் தோள்பக்கமாக வந்து தொடச் சொல்கிறேன். இதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனாலும் சவாரி என்று பார்த்தால் வார நாள் காலை எட்டு மணிக்கு முன்பு போவதே நல்லது.

பகிர்ந்துகொள்ளும் பாதையில் குதிரைக்காரர்மேல் வரும் முதல் புகார் சாணத்தைப் பற்றியது. அந்தப் புகாரில் நியாயம் உண்டு. காட்டுப் பாதையில் அது சீக்கிரம் மண்ணோடு கலந்துவிடும். கல்தூள் தடத்தில் நடுவிலேயே கிடந்து குழந்தை வண்டியின் சக்கரத்தில் ஒட்டும். ஒவ்வொரு முறையும் இறங்கி, காலணியால் ஓரத்துப் புல்லுக்குத் தள்ளிவிட்டுத்தான் மீண்டும் ஏறுகிறேன். வண்டி நிறுத்துமிடத்தில் விழுவதை முள்வாரியால் வாளியில் அள்ளி லாயத்துக்கே கொண்டுவந்துவிடுகிறேன். பெருமழை பெய்தால் இரண்டு நாள் போவதில்லை. 450 கிலோ எடை நான்கு குளம்புகளில் இறங்கும்போது ஈரக் கல்தூளில் குழி விழுகிறது. காய்ந்ததும் அந்தக் குழி அப்படியே இறுகி, ஓடுபவரின் கணுக்காலுக்கு வினையாகிறது.

சைக்கிளுக்கு நன்கு பழகிய, மலைப்பாதையில் வளர்ந்த குதிரையாக இருந்தால் என் கணக்கு பொருந்தாமல் போகலாம். அப்படிப்பட்ட குதிரையை வைத்திருக்கும் லாய உரிமையாளர் பல ஆண்டுகளாக உம்ஸ்டெட்டுக்கே போகிறார், டொபாக்கோ டிரெய்லைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இலையுதிர் காலத்தில் அவரோடு இன்னொரு முறை அங்கே போவதாக இருக்கிறேன். அப்போது அவருடைய குதிரை பின்னால் வரும், என்னுடையது முன்னால் போகும்.