கிரனோலா பாரா, கடலை மிட்டாயா? க்ளூட்டன் ஆகாத பிள்ளைக்கு எதைக் குடுக்கலாம்

எங்க அக்கா பையனுக்கு சீலியாக்னு, அதாவது கோதுமை, பார்லியில இருக்கிற க்ளூட்டன்ங்கிற புரதம் குடலுக்கு ஆகாத நோய்னு, போன வருஷம் தெரிஞ்சதுல இருந்து வீட்டுக்குள்ள கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் வர்றதில்ல. நாங்க இருக்கிறது செங்கோட்டை, பக்கத்துல பிரானூர் பார்டர், புரோட்டா திங்கறதுக்குன்னே வண்டி கட்டிட்டு வர்ற இடம், அங்க வளர்ற ஒன்பது வயசுப் பையனுக்கு வேண்டாம் வேண்டாம்னு சொல்லியே ஓய்ஞ்சு போய்தான் அக்கா புனலூர்ல இருந்து கிரனோலா பார் வாங்கிட்டு வந்தா. அமெரிக்க சரக்கு, கவர்ல ஓட்ஸ், தேன், பாதாம் படம், கோதுமைங்கிற வார்த்தையே இல்ல. மூணாவது நாள் வயிறு உப்பி ஒரே வயித்துப்போக்கு. அப்புறம் கண்ணாடி போட்டுப் படிச்சா, சின்ன எழுத்துல மால்ட் எக்ஸ்ட்ராக்ட். மால்ட்னா பெரும்பாலும் பார்லி, பார்லியிலயும் க்ளூட்டன் உண்டு. அமெரிக்காவுல க்ளூட்டன் உள்ள தானியத்துல கோதுமைய மட்டும்தான் அலர்ஜின்னு கட்டாயமா எடுத்துச் சொல்லணும், பார்லிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

மால்ட் இல்லேன்னாலும் சாதா ஓட்ஸ் பார நான் நம்பமாட்டேன். ஓட்ஸ்ல இருக்கிற புரதம் வேற, பேரு அவெனின், ஆனா கோதுமையும் பார்லியும் விளையுற வயல் பக்கத்துலயே விளைஞ்சு, அதே வண்டியில ஏறி, அதே மில்லுல அரைபட்டு வர்றதால கலந்துடுது. நம்ம நாட்டு லேபிள் விதியிலயே ஓட்ஸ க்ளூட்டன் தானிய லிஸ்ட்லதான் வச்சிருக்காங்க.

'க்ளூட்டன் ஃப்ரீ'னு போட்ட பார் கதை வேற. இங்கயும் சரி அமெரிக்காவுலயும் சரி, அப்படி எழுதணும்னா க்ளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமத் தாண்டக்கூடாது. 40 கிராம் பார்ல அதிகபட்சம் 0.8 மில்லிகிராம், சீலியாக் உள்ளவங்களுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள்ள இருந்தா பெரும்பாலும் பாதிப்பில்லன்னு சொல்றாங்க, அதனால ஒண்ணு தின்னா பயமில்ல. சுத்தமான ஓட்ஸே சில பேருக்கு ஆகாது, அதனால முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடுங்க.

இப்ப கடலை மிட்டாய். நிலக்கடலையும் வெல்லப்பாகும்தான், சரக்குல க்ளூட்டனே கிடையாது, ஒரு பார் வாங்குற காசுக்குக் கை நிறைய வரும். கோவில்பட்டி மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கூட கிடைச்சுது, ஆனா அது ஊருக்கும் பக்குவத்துக்கும் குடுத்தது, க்ளூட்டன் டெஸ்ட் இல்ல. பேக்கரி கண்ணாடிக்குள்ள கேக்கு, பிஸ்கட் பக்கத்துல உதிரியா கிடக்கிறத வாங்காதீங்க, ஒரே இடுக்கியாலதான் எல்லாத்தையும் எடுக்கிறாங்க. மிட்டாய் மட்டும் போடுற இடத்துல, சீல் வச்ச பாக்கெட்டா வாங்குங்க, பலகையில ஒட்டாம இருக்க ஏதாவது மாவு தூவுவீங்களான்னும் கேட்டுடுங்க.

கேரளா பக்கம் ஆரியங்காவு தாண்டினா அரியுண்டையும் அவலோஸ் உண்டையும் கிடைக்கும், ரெண்டும் அரிசிதான், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். நேந்திரங்கா சிப்ஸும் நல்லதுதான், ஆனா டீக்கடையில பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) பொரிச்ச எண்ணெயில போட்டிருந்தா வேண்டவே வேண்டாம், பழம்பொரி மாவுல மைதா இருக்கு. நான் கேக்கும்போது ஒரு சேச்சி, "ஐயோ மோளே, அதே எண்ணதான்"னு உள்ளத உள்ளபடி சொன்னாங்க, இன்னைக்கும் அவங்கள நன்றியோட நெனச்சுக்குவேன். முறுக்கு, மிக்சர் வாங்கினா பெருங்காயத்தையும் கேளுங்க, கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

ஆக எங்க வீட்ல தினசரிக்குக் கடலை மிட்டாயும் அரியுண்டையும். கொல்லம் ரயில்ல போறப்பவும், யார்கிட்டயும் கேக்க முடியாத இடத்துக்குப் போறப்பவும் க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்ட பார், அதுல மட்டும் காசு பாக்கிறதில்ல.

இன்னும் டெஸ்ட் எடுக்காதவங்க இதப் படிச்சிட்டு உடனே கோதுமைய நிறுத்திடாதீங்க, ரத்தப் பரிசோதனைக்கு முன்னாடியே நிறுத்திட்டா நோய் இருந்தாலும் ரிசல்ட்ல இல்லேன்னு வர வாய்ப்பிருக்கு.