ஒன்றா, ஒருவரா?

முட்டத்தில் எங்கள் கத்தோலிக்கப் பாட்டி விளக்கு வைத்ததும் "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று சிலுவை போடுவார். மார்த்தாண்டத்தில் அப்பா வீடு சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அங்கே சுதன் என்பது குமாரன், மற்றபடி அதே மூன்று பெயர்தான். போன வருஷம் சித்தி மகன் குழித்துறை ஆற்றில் இறங்கி, இயேசுவின் நாமத்தில் மட்டும் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தான். "குழந்தையில கொடுத்தது செல்லாது அண்ணா" என்றான். அது என்னை உலுக்கிவிட்டது.

பிதா, குமாரன், ஆவி என்று மூவராயிருந்தும் கடவுள் ஒருவரே என்பதுதான் திரித்துவம். கத்தோலிக்கருக்கும் சி.எஸ்.ஐ.க்கும் இந்த விஷயத்தில் வழக்கே இல்லை. குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் சொன்னதையும், ஆவியானவரைப் பற்றி 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் சேர்த்ததையும் இருவரும் ஏற்கிறார்கள். திருவிதாங்கோடு அரப்பள்ளியின் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் அப்படியே. ஆவியானவர் பிதாவிடமிருந்து புறப்படுகிறார் என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். "குமாரனிடமிருந்தும்" என்பது மேற்கத்திய சபை பிறகு சேர்த்தது.

தம்பி போன வழி வேறு. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை திரித்துவத்தை நம்புகிறவைதான். 1913-இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு முகாமில் கிளம்பிய "இயேசுவின் நாமம்" போதனைதான் 1916-இல் தனிக் கூட்டமாகப் பிரிந்தது. அவர்களுக்குக் கடவுள் ஒருவரே. பிதா, குமாரன், ஆவி என்பவை அந்த ஒருவர் வெளிப்பட்ட விதங்கள். இயேசுகிறிஸ்துவின் நாமத்தில் ஞானஸ்நானம் பெறச் சொல்லும் அப்போஸ்தலர் 2:38-ஐக் காட்டுவார்கள். "மத்தேயு 28:19-ல பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமம்னு ஒருமையிலதானே இருக்கு? அந்த ஒரு நாமம் எது?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. தேவன் ஒருவரே என்பதைக் கறைபடாமல் காக்கிற அந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் யோவான் 10:30-ஐத் தமிழில் மெதுவாக வாசியுங்கள்: "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்." ஒருவர் என்று இல்லை, ஒன்று. இருக்கிறேன் என்று இல்லை, இருக்கிறோம். கிரேக்க மூலத்திலும் அப்படித்தான். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு யாரிடம் ஜெபித்தார் என்று கேட்டால், மனிதத்தன்மை தெய்வத்தன்மையிடம் ஜெபித்தது என்பான் தம்பி. சரி, உலகம் உண்டாகுமுன் பிதாவிடம் தமக்கிருந்த மகிமையை யோவான் 17:5-இல் கேட்கிறாரே? அப்போது மனித உடலே இல்லையே. அது தேவனுடைய முன்னறிவில் இருந்த மகிமை என்கிறான். எனக்கு அது போதவில்லை.

யெகோவாவின் சாட்சிகள் இன்னும் தள்ளிப் போகிறார்கள். இயேசு முதலில் படைக்கப்பட்டவர், ஆவி என்பது கடவுளுடைய சக்தி என்பது அவர்கள் போதனை. குமாரன் படைக்கப்பட்டவர் என்று சொல்லி நிசேயாவில் தள்ளப்பட்ட ஆரியு என்ற குருவின் வாதத்துக்கு இது நெருக்கம். "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று உயிர்த்தெழுந்த இயேசுவிடம் சீடர் தோமா சொன்னபோது இயேசு ஏன் திருத்தவில்லை?

எங்கள் பக்கத்திலும் பிழை இருக்கிறது. "மூன்று ஆட்கள்" என்றால் பிள்ளைகள் மூன்று தனி மனிதரை நினைக்கிறார்கள். அதைச் சரிசெய்ய, தண்ணீர்தான் பனிக்கட்டியாகவும் நீராவியாகவும் மாறுகிறது என்று ஓய்வுநாள் பள்ளியில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரே பொருள் மூன்று வேஷம் என்ற அந்த உதாரணம் திரித்துவமே அல்ல. தம்பியின் சபை சொல்வதற்குத்தான் அது கிட்ட வரும். இப்போது இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் கரையைச் சொல்கிறேன்: குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவி இறங்குகிறது, வானத்திலிருந்து பிதா பேசுகிறார். மூவரும் ஒரே நேரத்தில்.

தம்பி மகளுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. முட்டத்துக்கு வந்தால் பாட்டி அந்தக் குழந்தையின் நெற்றியில் மூன்று பெயரும் சொல்லிச் சிலுவை போடுகிறார். அவன் தடுப்பதில்லை.