வீட்டு மேசையா, நூலக மேசையா?

அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பலரும், வீட்டிலேயே உட்கார்ந்து படிப்பதா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இருப்பதைப் போன்ற சொந்த நூல்களைக் கொண்டுபோய்ப் படிக்கும் பிரிவுக்குச் செல்வதா என்று தடுமாறுகிறார்கள். செலவையும் பயண அலைச்சலையும் பார்த்தால் வீடுதான் மேல். மூளை சுமக்கும் பாரத்தைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது.

வீட்டில் முதல் இடையூறு பேச்சுக்குரல். கூடத்தில் ஓடும் தொலைக்காட்சித் தொடரின் வசனம், மின்விசிறியின் சீரான இரைச்சலைவிட அதிகமாகக் கெடுக்கிறது. நாம் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு நினைவில் நிறுத்தும் சொற்களோடு அந்தப் பேச்சும் மோதுகிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டே படிப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான்; வரிகளே இல்லாத இசை அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை.

இரண்டாவது இடையூறு கைபேசி. ஒருவர் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவில் வரும் ஐந்து நீதிப்பேராணைகளை, அதாவது அடிப்படை உரிமைகளைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணைகளைப் படிக்கிறார் என்று கொள்வோம். தடையுறுத்தும் பேராணை கீழ் நீதிமன்றத்தில் விசாரணை நடக்கும்போதே அதை நிறுத்துவது, ஆவணக் கேட்புப் பேராணையோ அந்த நீதிமன்றம் ஏற்கெனவே பிறப்பித்த ஆணையை நீக்கவும் வல்லது என்ற வேறுபாடு மனத்தில் உருவாகிவரும் நேரத்தில் குழுச் செய்தி ஒன்று ஒலிக்கிறது. அதற்கு இரண்டு வரி பதில் எழுதிவிட்டுத் திரும்பும்போது, கண் அதே பக்கத்தில் இருந்தாலும், பாதி கட்டிய வேறுபாடு கலைந்துபோயிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வதாக நாம் நினைப்பது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதுதான். ஒவ்வொரு தாவலுக்கும் செயல்நினைவு, அதாவது கையிலுள்ள வேலைக்கான தகவலைச் சற்று நேரம் பிடித்துவைக்கும் நினைவு, விலை கொடுக்கிறது.

நூலகத்தில் பேச்சுக்குரல் தணிந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் கைபேசி கூடவே வருகிறது. பக்கத்து இருக்கைக்காரரின் திரையும் சேர்ந்துகொள்கிறது. கனடாவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு வேலையும் பார்த்த மாணவர்கள் தேர்வில் 11 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக எடுத்தார்கள். அதே ஆய்வின் மற்றொரு சோதனையில், தாங்கள் வேறு வேலை எதுவும் பார்க்காமல், அப்படிப்பட்ட திரைகள் கண்ணில் படும்படி அமர்ந்தவர்கள் 17 புள்ளிகள் பின்தங்கினார்கள். எனவே நூலகத்துக்குப் போனால் மட்டும் போதாது, எந்த நாற்காலி என்பதும் முக்கியம்.

அமைதிப்படுத்திய கைபேசியை மேசையில் வைத்திருந்தவர்களைவிட அடுத்த அறையில் விட்டுவந்தவர்கள் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள் என்று 2017இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அந்த முடிவு கிடைக்கவில்லை என்பதால், கைபேசியின் இருப்பே மூளையை உறிஞ்சுகிறது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அடுத்த அறையில் இருப்பதை எடுக்க எழுந்து நடக்க வேண்டும் என்ற எளிய காரணமே எனக்குப் போதும்.

இதற்காக வீட்டை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 1978இல் நடந்த ஒரு சோதனையில், 40 சொற்கள் கொண்ட பட்டியலை இரு வேளையும் ஒரே அறையில் படித்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ 16 சொற்களையும், இரண்டு வெவ்வேறு அறைகளில் படித்தவர்கள் 24 சொற்களையும் நினைவுகூர்ந்தார்கள். ஆகவே புதிய பாடத்தைப் பகலில் நூலகத்தில், சுவரைப் பார்த்த இருக்கையில் படித்துவிட்டு, அதே பக்கங்களை இரவு வீட்டில் திருப்பிப் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். அந்த நேரத்தில் கைபேசி அம்மாவிடம் இருக்கட்டும், தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கும்படியும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.