குவாண்டார்க்டிகா: பனிக்கு அடியில் கிடக்கும் மலைகளைப் பார்க்க ஒரு இலவசப் பொதி

புவியியல் படிப்பிக்கிறவர்கள், உயர்தரத்துக்குப் படிக்கிற பிள்ளைகள், வரைபடத்தை விரித்தால் சாப்பாட்டையும் மறந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் எல்லாருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நோர்வே துருவ ஆய்வு நிறுவனம் வெளியிட்ட குவாண்டார்க்டிகா என்ற தரவுப் பொதி இது. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளுக்குள் திறக்கும். பனி, பாறை, காந்தம், ஈர்ப்பு, செய்மதிப் படம் என்று அந்தாட்டிக்காவைப் பற்றிய எத்தனையோ அடுக்குகளை ஒரே கோப்பில் ஒழுங்காக அடுக்கித் தந்திருக்கிறார்கள். ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. நான் பாவிப்பது 2018இல் வந்த மூன்றாம் பதிப்பு.

பொதி பல ஜிபி வரும். யாழ்ப்பாணத்தில் கைபேசி இணைப்பை நம்பி இருப்பவர்கள் இரவு டேட்டாவில் இறக்குவதுதான் புத்தி. இடையில் அறுந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரக்கூடிய ஒரு டவுன்லோட் மென்பொருளையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை இறங்கிவிட்டால் பிறகு இணையமே வேண்டாம், மின்சாரம் போனாலும் மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும்வரை வகுப்பு நடக்கும். எனக்கு இது பெரிய விஷயம்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? நான் முதலில் திறக்கச் சொல்வது பெட்மேப்2 என்ற அடுக்கை. பனி முழுவதையும் எடுத்துவிட்டால் அந்தாட்டிக்காவின் தரை எப்படி இருக்கும் என்பதைக் காட்டும் படம் அது. கிழக்குப் பக்கம் நடுவில், டோம் ஏ என்ற மிக உயர்ந்த பனிமேட்டுக்கு நேர் கீழே பாருங்கள், ஒரு முழு மலைத்தொடர் கிடக்கிறது. கம்பூர்த்சேவ் மலைகள். 1958இல் சோவியத் ஆய்வுக்குழு ஒன்று பனிமேல் வெடி வைத்து அதிர்வலைகளை அளந்தபோதுதான் இப்படி ஒன்று இருப்பதே தெரியவந்தது. ஐரோப்பாவின் அல்ப்ஸ் அளவுக்குப் பெரிய மலைகள், ஆனால் ஒரு சிகரம்கூட வெளியே தலைகாட்டவில்லை. மிக உயரமான இடத்துக்கு மேலேயே சில நூறு மீற்றர் பனி இருக்கிறது, பள்ளத்தாக்குகளுக்கு மேல் மூன்று கிலோமீற்றரையும் தாண்டும்.

அப்படியானால் பள்ளத்தாக்கெல்லாம் இவ்வளவு வடிவாக எப்படித் தெரிகிறது என்று கேட்பீர்கள். எல்லாம் விமானத்தின் வேலை. 2008–2009 பருவத்தில் ஏழு நாடுகள் சேர்ந்து அகாப் என்ற திட்டத்தில் இரண்டு ட்வின் ஒட்டர் விமானங்களை அங்கே பறக்கவிட்டார்கள், ஐந்து கிலோமீற்றர் இடைவெளியில் கோடு கோடாக, குறுக்கேயும் சில கோடுகள், மொத்தம் ஏறக்குறைய 1,20,000 கிலோமீற்றர். சிறகின் கீழே ராடர் அன்ரெனாக்கள். அவை அனுப்பும் வானொலி அலை குளிர்ந்த பனிக்குள் தடையில்லாமல் இறங்கும், ஒரு மைக்ரோ வினாடிக்கு ஏறத்தாழ 168 மீற்றர் வேகத்தில். பனியின் மேற்பரப்பில் ஒரு பங்கு திரும்பிவிடும், உள்ளே பழைய பனிப்படைகளில் கொஞ்சம் திரும்பும், மிச்சம் அடியில் உள்ள பாறையில் பட்டு வரும். மூன்று கிலோமீற்றர் தடிப்பான பனியின் அடியைத் தொட்டுத் திரும்ப அதற்கு 36 மைக்ரோ வினாடி போதும். அந்தச் சின்ன நேர வித்தியாசத்தை விமானம் பறக்கப் பறக்கத் தொடர்ந்து எழுதிக்கொண்டே போனால் மலையின் குறுக்குவெட்டு தானாக விழுகிறது. இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தும்போது வகுப்பே அமைதியாகக் கேட்கும்.

ராடர் மலையின் உருவத்தை மட்டும்தான் சொல்லும், அது என்ன பாறை என்று சொல்லாது. அதற்கு இந்தப் பொதியில் காந்த அடுக்கும் ஈர்ப்பு அடுக்கும் இருக்கின்றன, பலர் திறந்தே பார்ப்பதில்லை. மக்னறைற் கனிமம் நிறைந்த எரிமலைப் பாறைக்கு மேலே பறக்கும்போது காந்தமானி தூக்கிக் காட்டும், தடித்த அடையற்பாறைக்கு மேலே அடங்கிவிடும். சூரியனால் பூமியின் காந்தப்புலம் நாள்முழுவதும் ஆடிக்கொண்டிருப்பதால் முகாமில் ஒரு காந்தமானியை அசையாமல் வைத்து அந்த ஆட்டத்தைக் கழிப்பார்கள். ஈர்ப்புமானி அடர்த்தியைச் சொல்லும், ஆனால் விமானம் குலுங்கும் குலுக்கலுக்குள் இருந்து அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிரித்தெடுப்பது லேசான வேலை அல்ல. இப்படி மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் கம்பூர்த்சேவ் மலைகளுக்கு அடியில் 100 கோடி ஆண்டுப் பழைய தடித்த புவியோட்டு வேர் (மலையைத் தாங்கியபடி ஆழத்துக்கு இறங்கும் ஓட்டுப் பகுதி) இருக்கிறது, பக்கத்தில் நீளமான பிளவுப் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன என்று 2011இல் எழுதினார்கள். கியூஜிஐஎஸ்ஸில் காந்த அடுக்கைப் பாதி ஒளிபுகும்படி வைத்துத் தரைப்படத்தின் மேல் போட்டுப் பாருங்கள், ஆய்வாளர்கள் செய்த வேலையின் முதல் படி உங்கள் மேசையிலேயே நடக்கும்.

இனிக் குறை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்கள். தரைப்படம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வழவழப்பாகத் தெரிகிறது, அளந்த இடமும் ஊகித்த இடமும் கண்ணுக்கு ஒன்றாகவே படுகிறது. எங்கள் ஊரில் இரண்டு கிணறு வெட்டியிருந்தால் அந்த இரண்டு இடத்திலும் கல் எத்தனை அடியில் வருகிறது என்று உறுதியாகச் சொல்லலாம், நடுவில் உள்ள தோட்டக்காணியில் எத்தனை அடி என்பது கணக்குப் போட்ட ஊகம்தான். விமானக் கோடுகளும் அப்படியே. இளவரசி எலிசபெத் நிலம் என்ற பகுதியை எடுத்துப் பாருங்கள், பெட்மேப்2 செய்த நேரத்தில் அங்கே பெரிய பரப்பில் ஒரு விமானக் கோடும் இல்லை, செய்மதி ஈர்ப்புத் தரவை வைத்து நிரப்பினார்கள். படத்தில் அது சமவெளி மாதிரித் தெரியும். பிறகு 2015 முதல் சீன விமானம் அங்கே பறந்ததில் பெரிய பள்ளங்களும் பனிக்கடியில் ஒரு ஏரியும் வெளிவந்தன. அதனால் பெட்மேப்2ஐத் தனியாகவும் இறக்கிக்கொள்ளுங்கள், அதனுடன் நிச்சயமின்மையைக் காட்டும் ஒரு படம் வரும், அதை மேலே போடாமல் எந்த மலையைப் பற்றியும் வகுப்பில் அடித்துச் சொல்லாதீர்கள். இதைத் திறந்தவுடனேயே தெரியும்படி வைத்திருந்தால் இந்தப் பொதிக்கு முழுப் புள்ளியும் கொடுத்திருப்பேன்.

பாறை வெளியே தெரியும் இடங்களுக்கு ஜியோமாப் என்ற இன்னொரு இலவசத் தொகுப்பு இருக்கிறது, அதையும் இதற்குள் சேர்க்கலாம். அந்தாட்டிக்காவில் வெளியே தெரியும் பாறை மொத்தப் பரப்பில் வெறும் 0.18 வீதம். ஆனால் விமானக்காரர் காந்தமானி காட்டுவதைப் பின்தொடர்ந்து பனிக்கு அடியில் உள்ள பாறையைத் தேடிப்போகத் தொடங்குவது அந்தச் சிறு பாறைத் திட்டுகளில் இருந்துதான், கையால் தொட்டு உடைத்துப் பார்த்த பாறை என்பதால்.

இலங்கைப் பிள்ளைகளுக்கு இதில் சொந்த விஷயமும் ஒன்று உண்டு. ஜப்பானின் சியோவா நிலையம் இருக்கிற லுற்சோ–ஹோம் குடாப் பக்கம் போய்ப் பாருங்கள். கொண்டுவானாக் கண்டம் ஒன்றாக இருந்த காலத்தில் இலங்கை அந்தப் பக்கத்தோடுதான் ஒட்டிக்கிடந்தது. கண்டிப் பக்கத்து மலைநாட்டில் காணும் உருமாறிய பாறைகளும் அங்குள்ள பாறைகளும் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே வெக்கையில் வெந்தவை. எங்கள் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, அதற்கு மிகப் பின்னால் வந்தது, மலை என்று சொல்ல எதுவும் இங்கே இல்லை. அதனால்தானோ என்னவோ இங்கத்தைப் பிள்ளைகள் இந்த மலைகளை அவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார்கள்.

சின்னச் சின்னக் கரைச்சல்கள் சில. எல்லா அடுக்கையும் ஒன்றாகத் திறந்தால் 4 ஜிபி ரம் உள்ள பழைய கணினி திணறும், தேவையானதை மட்டும் திறவுங்கள். இன்னொன்று, தரைப்படம் இப்போது பழசு. 2019இல் பெட்மெஷின் என்ற புதிய தரைப்படம் வந்தது, 2025இல் பெட்மேப்3 வந்தது, இரண்டும் 500 மீற்றர் கட்டத்தில் செய்தவை. பெட்மேப்3இன்படி மிகத் தடித்த பனி வில்க்ஸ் நிலத்தில் பெயரில்லாத ஒரு பள்ளத்தின் மேல் இருக்கிறது, 4,757 மீற்றர். அந்தக் கோப்பைத் தனியாக எடுத்துப் பொதிக்குள் இழுத்துப் போட்டால் சரியாக அமர்ந்துகொள்ளும். பெட்மேப்2ஐ நீக்கிவிடாதீர்கள், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால்தான் இடையில் எந்தெந்த இடத்தில் விமானம் போயிருக்கிறது என்று தெரியும்.